தாத்தாவின் டி.வி.எஸ். 50

போன மாத சுவர்ப் பத்திரிகையில் நிறைய பேர் மாமல்லபுரம் சுற்றுலா போன அனுபவத்தை எழுதியிருந்தீர்கள். நான் சுற்றுலாவுக்கு வரவில்லை. ஏன் வரலன்னு கேட்டவர்களிடம் காய்ச்சல் என்று சொன்னேன். அது பொய். உண்மையான காரணத்தை இந்தத் தாளில் எழுதுகிறேன். படித்துவிட்டு யாரும் என்னைக் கேலி செய்யக்கூடாது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மாட்டுக்கொட்டாய் இருக்கிறது. இப்போது அதில் மாடு இல்லை. விறகும் உடைந்த கட்டிலும் ஒரு பழைய டி.வி.எஸ். 50 வண்டியும்தான் இருந்தன. அது எங்கள் தாத்தாவின் வண்டி. 1988ஆம் வருடம் பால் விற்ற காசில் தவணை கட்டி வாங்கினாராம். டி.வி.எஸ். 50 என்பது 1980ல் ஓசூர் ஃபேக்டரியிலிருந்து வெளிவந்த வண்டி. இரண்டு பேர் உட்கார்ந்து போகிற மாதிரி நம் நாட்டில் செய்த முதல் மொபெட் அதுதான். சைக்கிள் மாதிரி பெடல் இருக்கும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு பெடலை மிதித்துத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும்.

அந்த வண்டியில் இரண்டு பக்கமும் பால் கேன் மாட்டிக்கொண்டு தாத்தா விடியற்காலை 4 மணிக்குக் கிளம்புவாராம். 1996ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் கம்பெனி கட்ட ஆரம்பித்தபோது கட்டட வேலைக்கு வந்தவர்களுக்காக ரோட்டோரம் டீக்கடைகள் முளைத்தன. அந்தக் கடைகளுக்குப் பால் ஊற்றினது எங்க தாத்தா. பிறகு மேய்ச்சல் நிலம் குறைந்து போனது. மாடுகள் ஒவ்வொன்றாக விற்றுப் போயின. 2015 டிசம்பர் பெருமழையில் கொட்டாய்க்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்து வண்டியும் நனைந்து போனது. அதைச் சரி பண்ணுவதற்குள் தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. வலது கையும் வலது காலும் சரியாக வராது. பேச்சும் குழறும். அன்றிலிருந்து தாத்தா திண்ணையில், வண்டி கொட்டாயில்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காயலான் கடைக்காரர் தெருவில் வந்தார். சுற்றுலாவுக்கு 450 ரூபாய் கட்ட அதற்கு அடுத்த நாள்தான் கடைசி. அப்பாவிடம் காசு இல்லை. நான்தான் அப்பாவிடம், "அந்த ஓட்ட வண்டிய போட்டுடலாம்பா. சும்மாதானே கிடக்குது" என்றேன். நான்தான் சொன்னேன். அம்மாவும் சொல்லவில்லை, அப்பாவும் சொல்லவில்லை.

கடைக்காரர் வண்டியைப் பார்த்துவிட்டு 1,800 ரூபாய் தருவதாகச் சொன்னார். அப்பாவும் அவரும் வண்டியை வெளியே தள்ளினார்கள். திண்ணையில் இருந்த தாத்தா அதைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. வண்டி திண்ணையைத் தாண்டும்போது இடது கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. ஒன்றும் பேசவில்லை, கண்ணில் தண்ணி மட்டும் ஊத்துது. எங்க ஆயா வந்து, "விடுங்க, புள்ள டூருக்குப் போவுணுமாம்" என்றது. தாத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு சீட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

அவர் திட்டியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. எனக்காகக் கையை எடுத்தது என்னால் தாங்க முடியவில்லை. நான் ஓவென்று அழுதுவிட்டேன். "வேணாம்பா, வேணாம்பா, நான் டூருக்குப் போகல" என்று கத்தினேன். கடைக்காரர், "என்னாங்க, குடும்பமே அழுவுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இதுதான் நான் சுற்றுலா வராத கதை. அம்மா மட்டும், "மாமல்லபுரம் எங்க போயிடப் போவுது, அங்கதான் இருக்கும்" என்றார்கள்.

அன்று சாயங்காலம் அப்பா ரொம்ப நேரம் அந்த வண்டியையே பார்த்துக்கொண்டு இருந்தார். எங்கள் அப்பா ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை செய்கிறார். கதவு மாட்டும் லைன். "தினமும் நூத்துக்கணக்குல கதவு மாட்றேன். ஆனா ஒரு வண்டிய முழுசா பிரிச்சுப் பார்த்ததில்ல. பார்த்துடலாமா?" என்று என்னிடம் கேட்டார். நானும் தலையாட்டினேன். வாரம் ஒரு நாள் லீவு என்பதால் மொத்தம் ஆறு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

முதல் ஞாயிறு. சுத்தம் செய்யும் வேலை. ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தால் உள்ளே எலி கூடு கட்டி வைத்திருந்தது. பஞ்சு, சாக்குநூல், என்னுடைய பழைய ரிப்பன் துண்டுகூட அதில் இருந்தது. அடுத்து பெட்ரோல் டேங்க். மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வாசனையே வரவில்லை. பெயிண்ட் கடையில் வருமே, அந்த மாதிரி ஒரு நெடி. அடியில் தேன் மாதிரி பிசுபிசு என்று பழுப்பாக நின்றது. எங்கள் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். பெட்ரோல் என்பது ஒரே பொருள் இல்லையாம், பல திரவங்களின் கலவையாம். நாள்பட வைத்தால் சீக்கிரம் ஆவியாகிறது எல்லாம் போய்விடும். மிச்சம் இருப்பது காற்றோடு சேர்ந்து பிசின் மாதிரி ஆகிவிடும். பெட்ரோலும் பழசானால் கெட்டுப்போகும் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். டேங்கைக் கழற்றி, டீசல் ஊற்றி, கூடவே ஒரு பிடி பழைய நட்டு போல்ட் போட்டு குலுக்கினோம். துருவெல்லாம் செம்மண் தண்ணி மாதிரி வந்தது. என் கை இரண்டு நாள் வலித்தது.

இரண்டாவது ஞாயிறு. எஞ்சின் இறுகிப் போயிருந்தது. மேக்னட் மூடியைக் கழற்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் அசையவில்லை. வெள்ளத் தண்ணீர் உள்ளே போய் பிஸ்டன் துருவில் பிடித்துக்கொண்டதாம். பலமாகச் சுற்றினால் உடைந்துவிடும் என்று அப்பா ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றினார். மூன்று நாள் அப்படியே ஊறவிட்டோம். நான் ஸ்கூல் விட்டு வந்ததும் தினமும் மெதுவாக ஆட்டிப் பார்ப்பேன். புதன்கிழமை 'கிர்ரக்' என்று ஒரு சத்தம். சக்கரம் நகர்ந்தது! நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு அத்தை பாம்புதான் வந்துவிட்டது என்று கம்பெடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள்.

மூன்றாவது ஞாயிறு. ப்ளக்கில் பொறி வரவில்லை. மேக்னட்டுக்கு உள்ளே 'பாயின்ட்' என்று ஒன்று இருக்கிறது. சின்னதாக இரண்டு உலோகப் பொட்டு தொட்டுத் தொட்டுப் பிரியும். பிரியும் நேரத்தில்தான் பொறி வரும். அந்தப் பொட்டு இரண்டும் பச்சையாகப் பூத்துப் போயிருந்தன. உப்புத்தாளால் தேய்த்துப் பளபள ஆக்கினோம். அப்பா பெட்ரோல் டப்பாவை எல்லாம் தூரமாக வைத்துவிட்டுத்தான் சோதனை செய்தார். புது ப்ளக் போட்டு மிதித்ததும் நீல நிறத்தில் ஒரு பொறி. இத்தனை வருஷம் கழித்து அந்த வண்டிக்கு உயிர் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது. அன்றே கார்புரேட்டரையும் கழற்றினோம். அதில் ஜெட் என்று ஒரு பித்தளை திருகு. அதன் நடுவில் ஊசிமுனை அளவு ஓட்டை. அதைப் பழைய பெட்ரோல் பிசின் அடைத்திருந்தது. கம்பி விட்டுக் குத்தினால் ஓட்டை பெரிதாகிவிடும் என்பதால் பெட்ரோலில் ஊறவைத்து சைக்கிள் பம்ப்பால் காற்று அடித்தோம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அந்த ஓட்டை வழியாகச் சூரியன் ஒரு நட்சத்திரம் மாதிரி தெரிந்தது.

நான்காவது ஞாயிறு. புது பெட்ரோல் ஊற்றினோம். இந்த வண்டிக்கு வெறும் பெட்ரோல் ஊற்றக்கூடாது. டூ ஸ்ட்ரோக் என்பதால் பெட்ரோலோடு ஆயிலும் கலக்க வேண்டும். பழைய எஞ்சினுக்கு லிட்டருக்கு 40 மில்லி என்று ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மெக்கானிக் அண்ணன் சொல்லி அனுப்பினார். கலக்கி ஊற்றி அப்பா மிதித்தார். மிதித்தார், மிதித்தார். திடீரென்று 'டுர்ர்ர்' என்று எடுத்தது! நாங்கள் கை தட்டுவதற்குள் அந்தச் சத்தம் மேலே மேலே ஏறி 'வீஈஈ' என்று கத்திவிட்டு நின்று போனது. மறுபடி மிதித்தால் அதே மாதிரி. பத்து எண்ணுவதற்குள் நின்றுவிடும். மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "எஞ்சின் தேஞ்சிருக்கும்ணா. செலவு பண்ணாதீங்க, போட்டுடுங்க" என்றார். அப்பா முகம் வாடிப் போச்சு. அதுவரைக்கும் 2,100 ரூபாய் செலவு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பாத்திரத்தை வைக்கிற சத்தத்திலேயே தெரிந்தது.

அப்போதுதான் தாத்தா திண்ணையிலிருந்து "கா... கா..." என்றார். அம்மா காப்பி கேட்கிறார் என்று நினைத்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். தாத்தா டம்ளரைத் தள்ளிவிட்டார். மறுபடியும் "கா... கா..." வண்டியைக் காட்டி வாயைக் குவித்து 'ஸ்ஸ்ஸ்' என்று உறிஞ்சிக் காட்டினார். அப்பா, "நைனாவுக்கு ஏதோ பண்ணுது" என்று பயந்துவிட்டார். எனக்கு மட்டும் சட்டென்று தோன்றியது. "காத்தா தாத்தா?" என்றேன். தாத்தா தலையை வேகமாக ஆட்டினார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வண்டியில் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் காட்டினேன். கார்புரேட்டர்? இல்லை. சைலன்ஸர்? இல்லை. ப்ளக்? இல்லை. மேக்னட்? கண்ணை மூடித் திறந்தார். என் பையிலிருந்து ஒரு சாக்பீஸ் எடுத்து அவர் இடது கையில் கொடுத்தேன். திண்ணையில் ஒரு வட்டம் போட்டார். கோணலாக வந்தது. அதற்குள் இன்னொரு சின்ன வட்டம். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "ஆயில் சீல்!" என்றார்.

அப்போதுதான் ஆயாவுக்கு ஞாபகம் வந்தது. "ஆமா, கார் கம்பெனி கட்டினப்போ ஒரு தடவ இப்பிடித்தான் வண்டி கத்திட்டு நின்னுச்சு. இவருதான் ராத்திரி முழுக்க உக்காந்து என்னமோ வளையம் மாத்துனாரு" என்றது. பத்து வருஷமாக நாங்கள் தாத்தாவிடம் சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்பதைத் தவிர வேறு ஒன்றும் கேட்டதே இல்லை. அவருக்கு வேறு ஏதாவது தெரிந்திருக்கும் என்று யாருமே நினைக்கவில்லை. நானும்தான்.

ஆயில் சீல் பற்றி அப்பாவும் டீச்சரும் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோல் கலவை நேராக பிஸ்டனுக்கு மேலே போகாது. முதலில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கிற அறைக்குப் போகும். பிஸ்டன் மேலே ஏறும்போது அந்த அறை கலவையை உறிஞ்சும். கீழே இறங்கும்போது அழுத்தி மேலே தள்ளும். நாம் ஸ்ட்ராவில் ஜூஸ் குடிக்கிற மாதிரி. ஸ்ட்ராவில் ஒரு ஓட்டை இருந்தால் ஜூஸ் வருமா? காற்றுதான் வரும். அந்த அறையின் பக்கத்தில் தண்டு வெளியே வருகிற இடத்தை அடைத்திருக்கும் ரப்பர் வளையம்தான் ஆயில் சீல். சும்மா கிடந்தால் ரப்பர் காய்ந்து விறைத்துப் போகும். அந்தச் சந்து வழியாகக் காற்று புகுந்து, பெட்ரோல் குறைந்து, வண்டி கத்திவிட்டு நிற்கும். இது சத்தத்திலேயே தாத்தாவுக்குத் தெரிந்திருக்கிறது.

ஐந்தாவது ஞாயிறு அப்பா சென்னை புதுப்பேட்டைக்குப் போனார். அங்கே பழைய வண்டிகளின் சாமான் எல்லாம் கிடைக்கும். பழைய சீலைக் காட்டி அதே அளவில் புதிது வாங்கி வந்தார். விலை எவ்வளவு தெரியுமா? 60 ரூபாய்! அந்த 60 ரூபாய் வளையத்துக்காகத்தான் வண்டியையே இரும்புக்குப் போடச் சொன்னார்கள். மெக்கானிக் அண்ணனும் நல்லவர். மேக்னட்டைக் கழற்றும் புல்லரை இரவல் கொடுத்தார்.

ஆறாவது ஞாயிறு. அப்பா மிதித்தார். மூன்றாவது மிதியில் எடுத்தது. வெள்ளைப் புகை கொட்டாய் முழுவதும். சத்தம் ஏறவில்லை, நிற்கவில்லை. 'டுப் டுப் டுப்' என்று சீராக ஓடிக்கொண்டே இருந்தது. தெருப் பசங்க எல்லாரும் வந்துவிட்டார்கள். அப்பா தாத்தாவைத் தூக்கிக்கொண்டு வந்து ஸ்டாண்ட் போட்ட வண்டியில் உட்கார வைத்துப் பின்னால் பிடித்துக்கொண்டார். ஆக்ஸிலேட்டர் வலது பக்கம்தானே இருக்கும்? தாத்தாவின் வலது கைக்குப் பலம் இல்லை. நான் அந்தக் கையை எடுத்துக் கைப்பிடியில் வைத்து அதன்மேல் என் கையை வைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் சேர்ந்து முறுக்கினோம். வண்டி உறுமியது. தாத்தா என்னைப் பார்த்துச் சிரித்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் சிரிப்பு ஒரு பக்கம்தான் போகும். அந்த ஒரு பக்கச் சிரிப்பே எனக்குப் போதும். "என்ன மன்னிச்சுடு தாத்தா" என்று சொன்னேன். வண்டிச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. பரவாயில்லை, நான் சொல்லிவிட்டேன்.

இதை டீச்சரிடம் சொன்னபோது அவர் ஒரு புது விஷயம் சொன்னார். கனடா நாட்டில் பனியில் ஓட்டுகிற வண்டி இருக்கிறதாம். முன்னால் சறுக்குக் கட்டை, பின்னால் சுற்றுகிற பட்டை. ஜோசப் அர்மான் பொம்பார்டியே என்பவர் 1959ல் 'ஸ்கீ-டூ' என்ற சின்னப் பனி வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அந்தக் காலத்துப் பனி வண்டிகளில் பலவும் நம் டி.வி.எஸ். மாதிரி டூ ஸ்ட்ரோக்தான். பல வருஷம் கிடப்பில் கிடந்த பழைய பனி வண்டிகளை அங்கேயும் ஆசையாக எடுத்து ஓட வைக்கிறார்களாம். அவர்களுக்கும் இதே கெட்டுப்போன பெட்ரோல், இதே எலிக்கூடு, இதே காய்ந்த ரப்பர் சீல். பனியே பார்க்காத பென்னலூரிலும் அந்தப் பனி ஊரிலும் வண்டிக்கு ஒரே வியாதி என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சில பேர், "நீ எப்போ ஓட்டுவ?" என்று கேட்கிறீர்கள். எனக்கு 14 வயது. 50 சிசி வரை உள்ள வண்டிக்கே 16 வயது ஆனால்தான் லைசென்ஸ். வண்டியின் ஆர்.சி.யும் காலாவதி ஆகிவிட்டது. ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டிப் புதுப்பித்து இன்சூரன்ஸ் போட்டால்தான் ரோட்டில் எடுக்கலாம். புகை அதிகம் வருகிற வண்டி என்பதும் எங்களுக்குத் தெரியும். 2015ல் வந்த எக்ஸ்.எல். 100 வண்டியே ஃபோர் ஸ்ட்ரோக் ஆகிவிட்டது. அதனால் எங்கள் வண்டி இப்போதைக்கு ஊர் சுற்றப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தாத்தா திண்ணையில் இருந்து கேட்கிற மாதிரி ஐந்து நிமிடம் ஓடவிடுவோம். மொத்தச் செலவு 2,700 ரூபாய். காயலான் கடைக்காரர் தருவதாகச் சொன்னது 1,800. கணக்குப் பார்த்தால் நஷ்டம்தான்.

நம்மைச் சுற்றி இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் எல்லா இடத்திலும் புதுசு புதுசாக வண்டி வந்துகொண்டே இருக்கிறது. புதுசு வரட்டும், நல்லதுதான். ஆனால் பழசைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். உங்கள் வீட்டுத் திண்ணையில் யாராவது சும்மா உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சாக்பீஸைக் கையில் கொடுத்துப் பாருங்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி